கலப்பதற்கென்றே ஒரு பீர், ஆனால் அது பீர் இல்லை: அசாகுசாவில் ஹாப்பி

பீரில் பிராந்தியோ வோட்காவோ ஊற்றிக் குடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் யாராவது டோக்கியோ பக்கம் வந்தால், முதலில் ஹாப்பியைக் குடித்துப் பாருங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். பழக்கம் இல்லாதவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பீரும் சரக்கும் சேர்ந்தால் பெரும்பாலும் ஏன் கொடுமையாக இருக்கிறது, எப்போது மட்டும் நன்றாக அமைகிறது என்பது இந்த ஒரு பாட்டிலில் தெரிந்துவிடும்.

நம் ஊர்க் கணக்கை முதலில் போட்டுவிடுகிறேன். 650 மில்லி ஸ்ட்ராங் பீர், லேபிளில் 8 சதவீதம் வரை என்று இருக்கும். அதில் ஒரு கட்டிங், அதாவது 90 மில்லி பிராந்தி, 42.8 சதவீதம். கலந்து முடித்தால் 740 மில்லி, கிட்டத்தட்ட 12 சதவீதம். ஒயின் அளவுக்கு வந்துவிட்டது. ஒயினை யாரும் மடக் மடக்கென்று குடிப்பதில்லை, ஆனால் கையில் இருப்பது பீர் டம்ளர் என்பதால் இதை அப்படித்தான் குடிக்கிறார்கள். போதை ஏறுவதற்காக மட்டும் என்றால் சரி, வேலை முடிந்தது. ருசி என்று பார்த்தால் அதில் ஒன்றும் இல்லை. நுரை பொத்தென்று அடங்கிவிடும், ஏனென்றால் ஆல்கஹால் கூடினால் நுரை நிற்காது. சரக்கு வெதுவெதுப்பாக இருந்தால் கேஸும் போய்விடும். மிஞ்சுவது கசப்பு, இனிப்பு, பிராந்தி வாடை மூன்றும் தனித்தனியாக நிற்கும் ஒரு திரவம்.

ஹாப்பி இந்தப் பிரச்சினையைத் தலைகீழாக அணுகுகிறது. பீரில் சரக்கைச் சேர்ப்பதற்குப் பதிலாக, சரக்கைச் சேர்ப்பதற்கென்றே பீர் மாதிரி ஒன்றைத் தயாரித்து வைத்திருக்கிறார்கள். மால்ட்டும் (முளைகட்டிய பார்லி) ஹாப்ஸும் (பீருக்குக் கசப்பு தரும் பூ) போட்டு நொதிக்க வைத்ததுதான், ஆனால் ஆல்கஹால் 0.8 சதவீதம்தான். ஜப்பானியச் சட்டப்படி 1 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் மது, அதனால் இது குளிர்பான வகையில் சேர்கிறது, மது வரி கிடையாது. 1948இல் கடைக்கு வந்தது. போர் முடிந்து மூன்று வருடம், பீர் என்பது சாதாரண ஆளுக்கு எட்டாத விலை, கையில் கிடைத்தது மலிவான ஷோச்சு என்ற ஜப்பானியச் சாராயம், அதுவும் அந்தக் காலத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்க வேண்டிய தரம். அதில் ஹாப்பியை ஊற்றினால் வாடை அமுங்கும், நிறமும் நுரையும் பீர் மாதிரியே இருக்கும், காசும் கட்டுப்படியாகும். அப்படிப் பிழைப்புக்காகப் பிடித்துக்கொண்ட பானம்தான், இன்று பீர் தாராளமாகக் கிடைக்கும்போதும் டோக்கியோவை விட்டுப் போகவில்லை. ஒசாகா பக்கம் போனால் அவ்வளவாகக் கண்ணில் படாது, இது டோக்கியோவையும் சுற்று வட்டாரத்தையும் சேர்ந்த சங்கதி.

தனியாகக் குடிக்காதீர்கள். கம்பெனியே அதற்காகச் செய்யவில்லை. மெல்லிய கசப்பு, கொஞ்சம் தானிய வாசனை, நடுவில் எதுவோ குறைகிறதே என்று ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில்தான் ஷோச்சு போய் உட்கார வேண்டும்.

எப்படி உட்காருகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. முறையான வழிக்கு சான்ரே என்று பெயர், மூன்றும் குளிர்ந்திருக்க வேண்டும் என்பதுதான் விதி: ஹாப்பி பாட்டில் ஃபிரிட்ஜில், ஷோச்சுவும் ஃபிரிட்ஜில், மக் ஃப்ரீசரில். ஐஸ் கிடையவே கிடையாது. கம்பெனி மக்கில் கீழே ஒரு நட்சத்திரம் அச்சிட்டிருக்கும், அதுவரை ஷோச்சு ஊற்றினால் 70 மில்லி. அதன்மேல் 360 மில்லி பாட்டிலைக் கிட்டத்தட்டத் தலைகீழாகக் கவிழ்த்து, பயப்படாமல், ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். ஊற்றும் வேகத்திலேயே கலந்துவிடும், குச்சி போட்டுக் கிண்டக் கூடாது, கிண்டினால் கேஸ் போய்விடும். மக்கின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பனி பூத்திருக்கும், பிடித்த இடத்தில் விரல் தடம் விழும், மேலே விரல் கனத்துக்கு நுரை ஏறி நிற்கும். ஷோச்சு 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் மொத்தம் 5 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே வருகிறது. அதாவது ஒரு சாதாரண பீர். ஆனால் பீரைவிட வயிற்றில் லேசாக இருக்கும், இனிப்பு கிட்டத்தட்ட இல்லை, கசப்பு வந்த வேகத்திலேயே போய்விடும். பீர் குடித்தால் வயிறு உப்புகிறது என்று புலம்புகிறவர்களுக்கு இது உண்மையிலேயே பிடிக்கும்.

சரி, இப்படித்தான் எல்லா இடத்திலும் தருவார்களா என்றால், இல்லை. பெரும்பாலான கடைகளில் ஹாப்பி செட் என்றுதான் வரும். ஒரு மக்கில் ஐஸ், ஐஸுக்கு நடுவில் ஷோச்சு, பக்கத்தில் திறந்த ஹாப்பி பாட்டில். நாமே ஊற்றிக்கொள்ள வேண்டும். மக்கில் இருக்கும் ஷோச்சு நாக்கா (உள்ளே), பாட்டிலில் இருக்கும் ஹாப்பி சோத்தோ (வெளியே). ஒரு பாட்டிலை ஒரே மக்கில் காலி செய்ய முடியாது, ஐஸும் ஷோச்சுவும் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், மூன்றில் ஒரு பங்குதான் உள்ளே போகும். குடித்து முடித்ததும் மக்கை நீட்டி "நாக்கா" என்றால் ஷோச்சு மட்டும் மறுபடி நிரப்பித் தருவார்கள். செட் விலை கடைக்குக் கடை மாறும், பொதுவாக 500 முதல் 700 யென், நாக்கா 200 முதல் 300 யென். இதுதான் சிக்கனப் புலிகளின் வழி. ஒரு சோத்தோவுக்கு இரண்டு நாக்கா, கைதேர்ந்தவர்கள் மூன்று.

இந்த இடத்தில் மறுபடி கணக்கு. நாக்காவில் ஷோச்சு எவ்வளவு என்று எந்தக் கடையும் சொல்லாது. தாராளமான கடையில் 100 மில்லி தாராளமாக விழும். அதில் 120 மில்லி ஹாப்பி ஊற்றினால், ஐஸ் கரையும் முன் கிட்டத்தட்ட 12 சதவீதம். மேலே சொன்ன ஸ்ட்ராங் பீரும் கட்டிங்கும் எங்கே போய் நின்றதோ அதே இடம். இப்படி மூன்று நாக்கா என்றால் 300 மில்லி ஷோச்சு, அதில் சுத்த ஆல்கஹால் 75 மில்லி, நம் ஊர் குவார்ட்டரில் 77. ஆக மொத்தம் ஒரு பாட்டில் ஹாப்பியை வைத்துக்கொண்டு ஒரு குவார்ட்டர் அடித்தாயிற்று, பில்லைப் பார்த்தால் "பரவாயில்லையே, சல்லிசாக இருக்கிறதே" என்று தோன்றும், எழுந்து நிற்கும்போதுதான் முழங்கால் உண்மையைச் சொல்லும். இது லேசான பானம் என்று யாராவது சொன்னால், எந்தக் கடையில் என்று கேளுங்கள்.

டோக்கியோவின் அசாகுசாவில் சென்சோஜி கோயிலுக்கு மேற்கே இருக்கிறது ஹாப்பி தெரு. இரண்டு பக்கமும் கடைகள், கடைக்கு வெளியே தாழ்வான ஸ்டூலும் மேசையும், சிவப்பு விளக்குக் கூண்டுகள், பிளாஸ்டிக் திரை, பகலிலேயே ஆரம்பித்துவிடும். பக்கத்தில் குதிரைப் பந்தயம் கட்டும் மையம் இருப்பதால் பந்தய நாட்களில் காதில் பென்சில் செருகிய பெரியவர்கள் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு கண் டிவியிலும் ஒரு கை மக்கிலுமாக உட்கார்ந்திருப்பார்கள். வெளிநாட்டுக் கூட்டமும் நிறைய. டோக்கியோவில் இந்தியர்கள் நிறைய வசிக்கும் நிஷி கசாய் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்குப் போவது சுலபம், தோஸாய் லைனில் நிஹோம்பாஷி, அங்கே கின்ஸா லைன் மாறினால் அசாகுசா கடைசி ஸ்டேஷன்.

தெருவின் சூழலுக்காக ஒரு முறை கண்டிப்பாகப் போகலாம். ஹாப்பியின் ருசிக்காகப் போகிறீர்கள் என்றால் கடையைப் பார்த்து உட்காருங்கள். நான் உட்கார்ந்த ஒரு கடையில், பெயர் வேண்டாம், வாசலில் நின்று கையைப் பிடிக்காத குறையாக அழைத்த தம்பி உள்ளே உட்கார்ந்த பிறகு கண்ணிலேயே படவில்லை. ஹாப்பி பாட்டில் குளிரவே இல்லை, அப்போதுதான் பெட்டியிலிருந்து எடுத்தது மாதிரி இருந்தது. அதைச் சமாளிக்க ஐஸை மக்கின் விளிம்புவரை திணித்திருந்தார்கள். வெதுவெதுப்பான ஹாப்பி ஐஸில் பட்டதும் நுரை பொங்கி மேசையில் வழிந்தது, உள்ளே இருந்ததில் கேஸ் பாதி காலி, இரண்டு நிமிடத்தில் தண்ணீர் கலந்த ஷோச்சு. கேட்காமலே வந்த சின்னக் கிண்ண முட்டைக்கோஸுக்கு பில்லில் ஆளுக்கு 500 யென். இந்த ஓத்தோஷி வழக்கம் ஜப்பான் முழுக்க உண்டு, அதைக் குறை சொல்லவில்லை, இருக்கைக் கட்டணம் என்று நினைத்துக் கொடுத்துவிட வேண்டியதுதான். ஆனால் அதைக் கொடுத்த பிறகு பாட்டிலாவது ஜில்லென்று இருக்க வேண்டாமா?

அதே தெருவில் இரண்டு மூன்று கடை தள்ளி, ஆளே வாசலில் நின்று கூப்பிடாத ஒரு இடத்தில், அம்மா ஒருவர் பாட்டிலைத் துணியால் துடைத்துக் கொண்டுவந்து வைத்தார், தொட்டாலே விரல் சில்லிட்டது. ஐஸ் நான்கே துண்டு, பெரியவை. ஐஸ் முறையிலும் நன்றாகக் கொடுக்க முடியும் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. எனவே உட்காரும் முன் பக்கத்து மேசையைப் பாருங்கள். பாட்டிலின் மேல் வியர்த்திருக்கிறதா, ஐஸ் பெரிய துண்டா பொடியா, இந்த இரண்டு போதும்.

சாப்பாடு. இந்தத் தெருவின் அடையாளம் நிகோமி, மாட்டுத் தசைநாரை மணிக்கணக்கில் பெரிய பானையில் கொதிக்க விட்டு, மேலே வெங்காயத்தாள் தூவித் தருவது. ஹாப்பிக்கு இதைவிடப் பொருத்தம் வேறு இல்லை. கொழுப்பும் மிசோ (புளிக்க வைத்த சோயா விழுது) அல்லது சோயா சாஸின் உப்பும் நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும், ஒரு மடக்கு ஹாப்பி அதை வழித்துக்கொண்டு போகும். ஷிச்சிமி என்ற மிளகாய்ப் பொடி மேசையில் இருக்கும், நம் நாக்குக்குத் தாராளமாகத் தட்டலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். மாடு சாப்பிடாதவர்கள் யகிதோரியில், அதாவது குச்சியில் குத்திச் சுடுவதில், கோழியை உப்பு மட்டும் போட்டுக் கேளுங்கள், நிகோமி சில கடைகளில் பன்றிக் குடலிலும் செய்வார்கள், கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. சைவம் என்றால் கஷ்டம்தான். எதாமாமே என்ற பச்சை சோயா கிடைக்கும், குளிர்ந்த டோஃபு கிடைக்கும், ஆனால் டோஃபுவின் மேல் மீன் சீவலைத் தூவாமல் கொண்டுவரச் சொல்ல வேண்டும்.

வெள்ளை லேபிள் ஹாப்பிதான் அசல். கறுப்பு என்று ஒன்று இருக்கிறது, வறுத்த மால்ட் வாசனையோடு, கொஞ்சம் இனிப்பாக, பீரில் ஸ்டவுட் என்ற கறுப்பு வகை பிடித்தவர்களுக்கு. எனக்கு முதல் மக் வெள்ளை, அடுத்தது பாதி வெள்ளை பாதி கறுப்பு, அதாவது இரண்டு பேர் போனால் ஆளுக்கொரு நிறம் வாங்கி மாற்றிக்கொள்வதுதான் சரியாக வருகிறது. கறுப்பை மட்டும் தொடர்ந்து குடித்தால் திகட்டிவிடும். பியூரின் (உடலில் யூரிக் ஆசிட்டாக மாறும் பொருள்) இல்லை, மாவுச்சத்து குறைவு என்று விளம்பரம் செய்கிறார்கள். யூரிக் ஆசிட் தொல்லை உள்ள அண்ணன்கள் இதைக் காட்டி மனைவியிடம் அனுமதி வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஹாப்பியில் பியூரின் இல்லாமல் இருக்கலாம், கூட ஊற்றும் ஷோச்சுவின் ஆல்கஹாலே யூரிக் ஆசிட்டை ஏற்றும், அண்ணி இதைப் படித்தால் நான் பொறுப்பில்லை.

உண்மையைச் சொன்னால், நல்ல ஹாப்பிக்கு வீடுதான் உத்தமம். சூப்பர் மார்க்கெட்டிலேயே 330 மில்லி பாட்டில் கிடைக்கும், பெரும்பாலும் பீர் கேனைவிட விலை குறைவு. ஷோச்சு தேர்வுதான் முக்கியம். சக்கரைவள்ளிக் கிழங்கு ஷோச்சு மாதிரி வாடை பலமானதை வாங்காதீர்கள், கிழங்கு ஒரு பக்கம் இழுக்கும், ஹாப்ஸ் இன்னொரு பக்கம் இழுக்கும். வாடையில்லாத வகைதான் வேண்டும். டோக்கியோ ஹாப்பி கடைகள் பலவற்றில் வைத்திருப்பது நீல லேபிள் கின்மியா, மியே மாகாணத்தின் யொக்காய்ச்சியில் கரும்பு மொலாசஸிலிருந்து காய்ச்சுவது. நம் ஊர் சரக்கும் பெரும்பாலும் மொலாசஸ்தான், ஆனால் இதில் கலர் இல்லை, எசன்ஸ் இல்லை, மென்மையாக, கடைசியில் துளி இனிப்பு மட்டும். இதன் 20 சதவீத வகையைச் சின்னப் பாக்கெட்டில் ஃப்ரீசரில் வைத்தால் கட்டியாகாமல் பொடிப் பனியாக உறையும். அதை மக்கில் பிழிந்து ஹாப்பி ஊற்றினால், ஐஸே இல்லாமல் சரக்கே ஐஸ் வேலையைச் செய்கிறது, கரைந்தாலும் தண்ணீர் சேராது. ஷாரிகின் என்று பெயர், கோடையில் இதற்கு நிகர் இல்லை. வோட்காவில் இதைச் செய்ய முடியாது, 40 சதவீதம் வீட்டு ஃப்ரீசரில் உறையாது, அளவைப் பாதியாகக் குறைத்துக் குளிர வைத்து ஊற்றலாம், குடிக்கிற மாதிரிதான் இருக்கும், ஆனால் கொஞ்சம் மொட்டையாக.

கொரியாக்காரர்களின் சோமேக்கும் இதே குடும்பம்தான், டோக்கியோவில் கொரியக் கடைகள் நிறைந்த ஷின் ஓகுபோ பக்கம் போனால் எந்தக் கடையிலும் பார்க்கலாம். சோஜு என்ற கொரியச் சாராயம் 3 பங்கு, பீர் 7 பங்கு, ஸ்பூனை உள்ளே விட்டு ஒரு குத்துக் குத்தி நுரை எழுப்புவார்கள். சோஜு 16 சதவீதம் சொச்சம்தான், கொரிய பீரும் லேசானது, சேர்த்தால் 8 சதவீதம் அளவில் நிற்கும். கும்பலாக உட்கார்ந்து கூச்சலோடு குடிக்க அது நல்லது. சோஜுவின் இனிப்பு எனக்கு மூன்றாவது டம்ளரில் சலித்துவிடுகிறது, அவ்வளவுதான்.

ஒரு முக்கியமான விஷயம், நிஷி கசாய்க்காரர்கள் கவனிக்கவும். ஸ்டேஷன்வரை சைக்கிளில் போய், திரும்பி வரும்போது அதே சைக்கிளில் வீட்டுக்குப் போகும் பழக்கம் நமக்கு உண்டு. 2024 நவம்பர் முதல், தள்ளாடும் போதை இல்லாவிட்டாலும், மூச்சில் வரம்பைத் தொடும் ஆல்கஹாலோடு சைக்கிள் ஓட்டினாலே 3 வருடம்வரை சிறை அல்லது 5 லட்சம் யென்வரை அபராதம். விசாவில் இருக்கிறவர்களுக்கு இது விளையாட்டு இல்லை. 0.8 சதவீதம்தானே என்று பாட்டிலைக் காட்டிப் பேச முடியாது, ஊதச் சொல்லும்போது ஷோச்சுதான் பேசும்.

கடைசியாக, கலக்காமல் பீரையும் சரக்கையும் சேர்த்துக் குடிக்கும் வழியும் அதே அசாகுசாவில் இருக்கிறது, ஸ்டேஷன் வாசலிலேயே. காமியா பார், 1880இல் தொடங்கியது. அங்கே டென்கி பிரான் என்று ஒன்று, பிராந்தியை அடிப்படையாக வைத்து ஜின், ஒயின், கியூராசோ என்ற ஆரஞ்சுத் தோல் மது, மூலிகைகள் எல்லாம் சேர்த்தது, 30 சதவீதம். மின்சாரம் புதுமையாக இருந்த காலத்தில் அந்தப் பெயர் வைத்தார்கள். சின்னக் கிளாஸில் பொன்னிறமாக வரும், வாயில் வைத்தால் இருமல் டானிக்கின் பணக்கார அண்ணன். வாடிக்கையாளர்கள் இதை ஒரு வாய், பெரிய மக் பீரை ஒரு வாய் என்று மாற்றி மாற்றிக் குடிக்கிறார்கள். பிரானின் இனிப்பு பீரின் கசப்பைத் தட்டி எழுப்புகிறது, பீர் வந்து பிரானின் சூட்டை அணைக்கிறது, இரண்டும் கிளாஸில் சண்டை போடாமல் தொண்டையில் சமாதானமாகின்றன. பீரின் நுரைக்கும் ஒரு சேதாரமும் இல்லை. ஊரில் கட்டிங்கைப் பீரில் கொட்டுகிறவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான், கொட்டாதே, பக்கத்தில் வை.

கீழ்த்தளத்தில் முதலில் வாசலில் டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் உட்கார வேண்டும், நீள மேசைகளில் தெரியாதவர்களோடு தோளோடு தோள். 40 சதவீதத்தில் ஓல்ட் என்று இன்னொரு டென்கி பிரானும் உண்டு, அதைத் தனியாகக் குடியுங்கள். பீரோடு என்றால் 30தான் சரி, 40 எடுத்தால் பக்கத்தில் இருக்கும் பீர் வெறும் தண்ணீராகிவிடுகிறது.